எலி வளையானாலும் தனி வளை

அறிவியல் முற்றம்

கணினிப் பயிற்சி பெற்ற இளைஞர் இல்லாத வீடு நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று அரிது. அவர்களுள் சிலர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பியுள்ளனர். "ஒருவருக்கொருவர் எழுதவும், படங்களைப் பகிரவும், விழாச் செய்திகளைப் பரப்பவும் அயல்நாட்டுப் பெருநிறுவனங்களின் தயவை நாம் ஏன் நாட வேண்டும்? நமக்கென ஒரு சமூக ஊடகச் சர்வரை நம் வீட்டிலேயே நிறுவிக்கொள்ள இயலாதா?" என்பது அவர்தம் வினா. பெரியோர் சிலரோ, "இஃது வேண்டாத வேலை, மின்கட்டணம் ஏறும், ஏதேனும் வம்பு வந்தால் யார் பதில் சொல்வது?" என்று அஞ்சுகின்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின் இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக்கொண்டு, இஃது இயலுமா, எவ்வாறு இயலும், இயன்றபின் நம் தலைமேல் ஏறும் கடமைகள் யாவை என்பவற்றை முறையாக ஆராய்வோம்.

முதற்கண் பெயர் விளக்கம். 'சர்வர்' என்றதும் நம்மவர் நினைவிற்கு வருபவர், சிற்றுண்டிச் சாலையில் மேசையருகே வந்து நின்று, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பவரே. 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படம் அச்சொல்லை நம் நெஞ்சில் நிலைநிறுத்திவிட்டது. கணினி உலகத்துச் சர்வருக்கும் தொழில் அதுவே. கேட்டவர் கேட்டதை எடுத்து வந்து கொடுக்க வேண்டும். இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு. வழங்குவதால் இதனைத் தமிழில் 'வழங்கி' என்பர். ஊரிலுள்ள பேரக் குழந்தையின் படத்தை நாம் கைப்பேசியில் காணும்போது, எங்கோ ஒரு வழங்கி அதனை எடுத்து நம் கையில் தருகிறது. அவ்வழங்கி யாருக்கு உரியது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பனவே இன்றைய வினாக்கள்.

குடிக்கூலி வீடு

வேற்றூரில் வாழும் நமக்குக் குடிக்கூலி வீட்டின் இயல்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். பதினொரு திங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இணையத்தில் நாம் குடியிருக்கும் இடங்களிலோ அந்தப் பதினொரு திங்கள் உறுதியும் இல்லை. அங்கே நம்மிடம் வாடகை கேட்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் நாம் எதனை எழுதுகிறோம், எதனை விரும்புகிறோம், எதன்முன் எத்தனை நொடி நிற்கிறோம் என்று கணக்கிட்டு, அக்கணக்கைக் கொண்டு விளம்பரக்காரரிடம் பொருளீட்டுவதே அவர்தம் வாணிகம்.

வீட்டுக்காரர் வீட்டை மூடினால் என்னாகும் என்பதற்குச் சான்றுகள் பல. 2004-இல் தோன்றிய ஆர்க்குட்டில் நம் நாட்டு இளைஞர் திரள் திரளாகக் கூடினர். 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் அது மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-ஆம் நாள் மூடப்பட்டது. யாகூ குழுக்களில் தமிழன்பர்கள் பல்லாண்டுகள் மடலாடினர். இலக்கிய ஆய்வும் கோயில் வரலாறும் ஊர்ச் செய்திகளும் அம்மடல்களில் குவிந்து கிடந்தன. அந்நிறுவனம் 2019-இன் இறுதியில் பழைய மடல்களைக் களையத் தொடங்கி, 2020 டிசம்பரில் குழுக்களையே மூடிவிட்டது. முன்னரே படியெடுத்து வைத்தவர்க்கு மடல்கள் எஞ்சின. ஏனையோர்க்கு நினைவே எஞ்சியது.

சில வேளைகளில் மூடுபவர் வீட்டுக்காரர் அல்லர், அரசு. 2020 ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. தடையின் தகுதி பற்றிய வாதம் இங்கே நமக்கு வேண்டா. அங்கே தம் பாட்டையும் கூத்தையும் சேர்த்து வைத்திருந்த எளிய மக்கள் ஒரே இரவில் கதவுக்கு வெளியே நின்றனர் என்பதே நாம் கருத வேண்டுவது.

வீடு திறந்திருக்க, நம்மை மட்டும் வெளியேற்றுவதும் உண்டு. 2019-இல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அவர்களின் கணக்கை ட்விட்டர் நிறுவனம் முடக்கியது. நாஜிக் காலத்து ஜெர்மனியில், கூட்டத்தார் அனைவரும் கை நீட்டி வணங்கும்போது ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் வைத்திருந்ததே தொடக்கக் காரணம். அந்நிகழ்ச்சியால் மனம் கசந்த இந்தியர் பலர், அவ்வாண்டு நவம்பரில் மாஸ்டடான் என்னும் மையமில்லாச் சமூக ஊடகத்தில் குடியேறினர். அவருள் பலர் பின்னர்த் திரும்பிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிந்த முகங்கள் இல்லாத தெருவில் எத்தனை நாள் குடியிருப்பது?

அஞ்சலகம் காட்டும் வழி

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். "உறவினர் எல்லாரும் பெரிய ஊரில் இருக்க, நாம் மட்டும் தனியே குடில் அமைத்தால் யாரோடு பேசுவது?" என்பர். இதற்கு விடை அஞ்சல் முறையிலேயே உள்ளது. 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அஞ்சல் ஒன்றியம் ஒன்றை நிறுவின. இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது. ஒவ்வொரு நாட்டிற்கும் தனித்தனி அஞ்சலகம், தனித்தனி தலை, தனித்தனி ஊழியர். ஆயினும் உறையின்மேல் முகவரி எழுதும் முறையும் ஒருவர் பையை மற்றவர் ஏற்கும் முறையும் பொது. ஆதலின் அஞ்சலகங்கள் பலவாயினும் கடிதம் போய்ச் சேர்கிறது. மின்னஞ்சலும் இவ்வாறே இயங்குகிறது; ஒரு நிறுவனத்தின் பெட்டியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் பெட்டிக்கு மடல் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

சமூக ஊடகத்திற்கும் இத்தகைய பொது நெறிமுறை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். வலையின் பொது விதிகளை வகுக்கும் உலகளாவிய அமைப்பு 2018 ஜனவரி 23-ஆம் நாள் இதனை ஏற்று வெளியிட்டது. இந்நெறிமுறைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் உள்வரு பெட்டி, ஒரு வெளிச்செல் பெட்டி. கரோல் பாகில் உள்ள தம்பி தன் வீட்டு வழங்கியிலிருந்து எழுதுகிறான் என்று கொள்வோம். மாதுங்காவில் உள்ள அத்தை வேறு வழங்கியில் கணக்கு வைத்து அவனைப் பின்தொடர்கிறார். தம்பி எழுதியவுடன் அவன் வழங்கி, அத்தையின் வழங்கிக்குச் சென்று அவர் பெட்டியில் ஒரு படியை இட்டு வருகிறது. அத்தை எழுதும் மறுமொழி அவ்வாறே திரும்புகிறது. ஒரு பக்கம் மின்சாரம் இல்லாது போனால் மறுபக்கத்து வழங்கி சற்றுப் பொறுத்து மீண்டும் மீண்டும் முயல்கிறது. நாட்கணக்கில் கதவு மூடியே கிடந்தால் மட்டும் முயற்சியைக் கைவிடுகிறது.

இந்நெறிமுறையைப் பேசும் மென்பொருள்கள் பல. அழிந்துபோன யானையினம் ஒன்றின் பெயரைத் தாங்கிய மாஸ்டடான், ஜெர்மனியில் வாழும் ஒய்கன் ராஹ்க்கோ என்னும் இளைஞரால் 2016-இல் வெளியிடப்பட்டது. ஜப்பானில் பிறந்தது மிஸ்கீ. படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப். 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் ஈலோன் மஸ்க்கின் கைக்கு மாறியபோது, திங்கள்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக ஓரிரு திங்களில் உயர்ந்தது. அவ்வேகம் பின்னர்த் தணிந்தது.

இவற்றிற்கு முன்னோடி ஒன்றின் பெயர் நமக்குச் சுவையளிக்கும். 2010-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர், பொதுமக்களிடம் 2 இலட்சம் டாலர் திரட்டித் தொடங்கிய மையமில்லாச் சமூக வலைக்கு 'டயஸ்போரா' என்று பெயரிட்டனர். பிறந்த மண்ணைவிட்டுப் பல திசையிலும் சிதறி வாழும் மக்கள் என்பது அதன் பொருள். அதன் நெறிமுறை வேறு. எனினும் சிதறியிருந்தும் தொடர்பு அறாமல் வாழ்வது என்னும் கருத்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சங்கம் நடத்தும் நமக்குப் புதிதன்று.

வேண்டுவன யாவை?

வீட்டில் வழங்கி நிறுவ வேண்டுவன நான்கு. கணினி ஒன்று, மென்பொருள் ஒன்று, பெயர் ஒன்று, வெளியுலகிற்கு ஒரு வாயில்.

கணினி பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டு 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் கணினி. அதன் அண்மைக்காலப் படிவங்கள் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதும். சராசரி 6 வாட் மின்சாரம் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுதும் ஓடினாலும் திங்களுக்கு 4.32 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனின் 35 ரூபாய் ஆகாது. பரண்மேல் கிடக்கும் பழைய மடிக்கணினியும் இதற்கு உதவும். 20 வாட் கொள்வதாயின் 14.4 யூனிட், அதாவது 115 ரூபாய் அளவு ஆகும். மின்வெட்டு நேரத்தில் அதன் மின்கலம் தாங்கும் என்பது நன்மை. பழைய மின்கலம் உப்பியிருந்தால் நெருப்புக்கு இடமாகும் என்பது தீமை. பெரியோர் அஞ்சிய மின்கட்டணம் ஒரு பொருட்டன்று என்பது இதனால் விளங்கும். சேமிப்பில்தான் கருத்து வேண்டும். கைப்பேசியில் செருகும் சிறு நினைவு அட்டையில் ஓயாது எழுதிக்கொண்டிருந்தால் அது தேய்ந்து ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும். எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலை வட்டில் எழுதுவதே முறை.

மென்பொருளை அளவறிந்து தெரிதல் வேண்டும். மாஸ்டடான் ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது. தரவுத்தளம் தனி, வரிசைப்படுத்தும் பணியாள் தனி, வலைப்பக்கம் தனி எனப் பல உறுப்புகள் சேர்ந்து இயங்குவதால் 2 முதல் 4 ஜிகாபைட் நினைவகம் கேட்கும். நான்கைந்து பேருக்கு அத்துணை வேண்டா. 2021-இல் முதற்பதிப்பு வெளிவந்த கோடுசோசியல் என்னும் மென்பொருள் அரை ஜிகாபைட்டுக்கும் குறைவான நினைவகத்தில் அடங்கிவிடும். எழுதுவதற்கான திரை அதில் இல்லை. ஆனால் மாஸ்டடானுக்கென அமைந்த டஸ்கி முதலிய கைப்பேசிச் செயலிகள் அதனோடும் பேசும். இவை யாவும் கட்டற்ற மென்பொருள்கள், விலை இல்லை, உள்ளமைப்பை யாரும் படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வேண்டுவதாகிய பெயரே இவை அனைத்திலும் தலையாயது. பெயர் என்பது களப்பெயர். நம் இல்லத்தின் இணைய முகவரி. கணினி பழுதுற்றால் மற்றொன்று வாங்கலாம். ஊர் மாறினால் கணினியை மூட்டையில் கட்டிக்கொண்டு போகலாம். பெயர் போனால் எல்லாம் போயிற்று. பிற வழங்கிகள் நம்மை அறிவது பெயராலேயே. ஆதலின் வழங்கி ஓடத் தொடங்கியபின் பெயரை மாற்றுவது ஏறத்தாழ இயலாத செயல். இலவசம் என்றோ கவர்ச்சி என்றோ தொலைதூர நாடுகளின் பின்னொட்டைத் தேர்ந்தவர்கள் பட்ட துன்பத்திற்கு இரண்டு சான்றுகள் உள. மாலி நாட்டின் பின்னொட்டு நெடுநாள் இலவசமாகக் கிடைத்துவந்தது. 2023 ஜூலையில் அதன் ஆட்சி அந்நாட்டு அரசிடம் திரும்பியபோது சில வழங்கிகள் பெயரிழந்தன. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான் பின்னொட்டில் இயங்கிய மாஸ்டடான் வழங்கி ஒன்றின் பெயரை அந்நாட்டு ஆட்சியாளர் பறித்தனர். நமக்கு நம் நாட்டின் '.இன்' பின்னொட்டு உண்டு. அதனை நம் பெயரில், நம் மின்னஞ்சலில் பதிந்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்க மறந்த பெயரை அயலார் ஒருவர் வாங்கி, நம் வாயிலில் தம் கடையை விரிக்க இடமுண்டு.

பெயரோடு சேர்த்து ஒரு சான்றிதழும் வேண்டும். வழியில் யாரும் மடலைப் பிரித்துப் படிக்காதவாறு மறைத்து அனுப்ப உதவுவது அது. முன்னர் இதற்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து எல்லார்க்கும் இலவசமாக வழங்கிவருகிறது. குறுகிய காலமே செல்லுபடியாகும் சான்றிதழாதலால், தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

வாயிலின் சிக்கல்

நான்காவதாகிய வாயிலில்தான் நம் நாட்டு இல்லத்தார் பலர் முட்டிக்கொண்டு நிற்கின்றனர். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. உலக மக்கள்தொகையோ அதனினும் மிகுதி. ஆசிய-பசிபிக் வட்டாரத்திற்குரிய சேமிப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. ஆதலின் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்கியுள்ளன. பெரிய அடுக்ககத்திற்கு வெளிக்கதவு எண் ஒன்றே இருந்து, உள்ளே இருக்கும் நூறு குடும்பங்களுக்கும் தனி எண் இல்லாதது போன்ற நிலை இது. உள்ளிருப்பவர் வெளியே செல்லலாம். வெளியிலிருந்து வருபவர் எந்தக் குடும்பத்தைத் தேடி வந்தார் என்று காவலருக்குத் தெரியாது. வழங்கி நடத்துபவருக்கோ வெளியார் வரவே உயிர்.

இதற்கு வழிகள் சில. முதல் வழி, இணைப்பு நிறுவனத்தாரிடம் நிலையான தனி எண் கேட்டுப் பெறுதல். கூடுதல் கட்டணம் உண்டு. எல்லா நிறுவனத்தாரும் எல்லா வீட்டிற்கும் தருவதில்லை. இரண்டாவது, ஐ.பி.வி.6 என்னும் புதிய முகவரி முறை. நம் நாட்டில் இது நன்கு பரவியுள்ளது. ஆனால் பழைய முறையை மட்டும் அறிந்த வழங்கிகள் இன்னும் உள்ளமையால் இதனையே நம்பினால் சில உறவுகள் அறும். மூன்றாவது, தரவு நிலையம் ஒன்றில் மிகச் சிறிய கணினி இடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து நம் வீட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை அமைத்தல். 2020 முதல் லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றுள்ள ஒயர்கார்டு இதற்குத் தக்க கருவி. வாயில் மட்டும் வாடகை; பண்டம் நம் வீட்டில். நான்காவது, பெருநிறுவனம் ஒன்று தரும் இலவசச் சுரங்கப்பாதை. இஃது எளிது, ஆயினும் பொதுவாக அந்நிறுவனமே வாயிலில் நின்று மடலைத் திறந்து மூடி உள்ளே அனுப்பும் அமைப்பு இது. தனி வளை தேடிப் புறப்பட்டவர் இதனை அறிந்தே தேர்தல் வேண்டும்.

வீட்டுக்காரர் ஆனபின்

இதுகாறும் கூறியவை ஓர் ஊக்கமுள்ள இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகள் சிலவற்றில் முடித்துவிடக் கூடியவை. இதன் பின்னரே மெய்யான வினா எழுகிறது. குடியிருந்தவர் வீட்டுக்காரர் ஆனபின், கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது?

முதற்கடமை காவல். இணையத்தில் திறந்த வாயில் எதுவாயினும் அதனைத் தட்டிப் பார்க்கும் கள்வர் நிரல்கள் நாள்தோறும் வரும். 2023 ஜூலையில் மாஸ்டடானில் ஒரு கொடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மடலோடு அனுப்பும் படத்தின் வழியாகவே வழங்கிக்குள் தீய கோப்புகளைப் புகுத்தக் கூடிய ஓட்டை அது. திருத்திய பதிப்பு உடனே வெளிவந்தது. அதனை உடனே நிறுவியவர் தப்பினர். வழங்கியை நிறுவிவிட்டு மறந்துவிடுபவர் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போனவர் ஆவார்.

இரண்டாவது கடமை காப்புப்படி. பெருநிறுவனங்கள் ஒரே பண்டத்தைப் பல ஊர்களில் படியெடுத்து வைக்கின்றன. நம் வீட்டில் ஒரே வட்டு. இடி விழுந்தாலும், குழாய் உடைந்தாலும், திருடன் எடுத்துச் சென்றாலும் எல்லாம் ஒரே நாளில் போகும். நாள்தோறும் ஒரு படி வீட்டிலேயே வேறு வட்டிலும், கிழமைதோறும் ஒரு படி வேறோர் ஊரில் உள்ள உறவினர் இல்லத்திலும் இருத்தல் வேண்டும். எடுத்த படியிலிருந்து வழங்கியை மீட்டெழுப்பிப் பார்த்தாலன்றி அப்படியை நம்பலாகாது. படிக்குப் பூட்டும் வேண்டும். 2023 மே திங்களில் அமெரிக்காவில் வேறொரு வழக்கின் பொருட்டு ஒருவர் வீட்டைப் புலனாய்வுத் துறையினர் சோதித்தனர். அவர் கோலெக்டிவா என்னும் மாஸ்டடான் வழங்கியின் நிர்வாகிகளுள் ஒருவர். மறையாக்கம் செய்யாத தரவுத்தளப் படி ஒன்று அன்று அவர் வீட்டில் இருந்தது. மற்றக் கருவிகளோடு அதுவும் சென்றது. அவ்வழங்கியில் கணக்கு வைத்திருந்தோர்க்கும் அவ்வழக்கிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அவர்தம் மடல்கள் போயின.

மூன்றாவது கடமை மறைபொருள் காத்தல். மாஸ்டடான் முதலியவற்றில் இருவருக்கிடையே செல்லும் தனி மடலும் முழு மறையாக்கம் பெற்றதன்று. வழங்கி நடத்துபவர் எண்ணினால் படிக்கலாம். மருமகள் தன் தாய்க்கு எழுதும் மடலைக் கொழுந்தன் படிக்கக்கூடிய அமைப்பு, பெருநிறுவனத்தின் அமைப்பினும் உயர்ந்ததென்று சொல்ல முடியுமா? இதனை வீட்டார் அனைவர்க்கும் முன்னரே எடுத்துரைத்து, அந்தரங்கச் செய்திகளை இதற்குப் புறம்பாகவே வைத்துக்கொள்ளச் சொல்வது நேர்மை. மேலும், ஒரு முறை அயல் வழங்கிகளுக்குச் சென்ற படத்தை நாம் அழித்தாலும், அவர்களிடமுள்ள படியை அழிக்குமாறு வேண்டுகோள் விடுக்கலாமேயன்றிக் கட்டாயப்படுத்த இயலாது. குழந்தைகளின் படங்களை இடுமுன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குறித்த சில வழங்கிகளோடு மட்டும் தொடர்பு கொள்ளும் அமைப்பு இம்மென்பொருள்களில் உண்டு. குடும்ப வழங்கிக்கு அதுவே ஏற்றது.

நான்காவது சட்டம். தம் வீட்டார்க்கு மட்டும் நடத்துவது ஒன்று. ஊரார்க்குக் கணக்கு வழங்குவது மற்றொன்று. பிறர் எழுத்தைத் தம் வழங்கியில் தாங்குவோர், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறும் 'இடையீட்டாளர்' என்னும் வரையறைக்குள் வருவர். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரை வெளியிடுதல், முறையீடுகளைக் காலத்தில் தீர்த்தல், முறையான ஆணை வந்தால் குறித்த செய்தியை நீக்குதல் முதலிய பொறுப்புகள் அவர்க்கு உண்டு. காலவரையறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பிறர்க்குக் கதவு திறக்குமுன் சட்டம் அறிந்தார் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம். "யார் பதில் சொல்வது?" என்று பெரியோர் கேட்டது பொருளுள்ள கேள்வியே. கணக்கு வழங்கியவரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

சங்கத்திற்கு ஒரு கருத்து

இனி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழங்கி என்பது நம்மவர்க்கு ஏற்குமா என்று கருதினால், பெரும்பாலோர்க்கு ஏற்காது என்றே தோன்றுகிறது. நம்மில் பலர் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர். மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றிற்குக் குடிபெயர்ந்தால், நம்மைப் பின்தொடர்வோர் உடன் வருவர். எழுதிய எழுத்து உடன் வராது. மக்கள் மாறிச் செல்ல, நட்ட மாமரம் பின்தங்கிவிடும் நிலை நாம் அறிந்ததே. ஆதலின் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, அல்லது சங்கமே முன்னின்று, ஒரு வழங்கியை நடத்துவது தக்கது. 2019-இல் மக்கள் குடியேறித் திரும்பியதற்குக் காரணமான தனிமையும் இதனால் நீங்கும். முதல் நாளே பத்து வீட்டு முகங்கள் அங்கே இருக்கும்.

அங்ஙனம் செய்வதாயின் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் சில. களப்பெயர் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் பெயரில் இராமல் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். அவர் வெளிநாடு சென்ற அன்று சங்கத்தின் நினைவெல்லாம் அவரோடு சென்றுவிடலாகாது. மாஸ்டடான் அமைப்பு தன் பட்டியலில் சேர விரும்பும் வழங்கிகளுக்கு 2019-இல் ஓர் உடன்படிக்கை வகுத்தது. நாள்தோறும் காப்புப்படி எடுத்தல், நெருக்கடியில் வழங்கியைத் திறக்க இன்னொருவருக்கும் வழி இருத்தல், மூடுவதாயின் மூன்று திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்தல், வசைமொழியைத் தடுத்தல் ஆகியன அதன் கூறுகள். இவை நமக்கும் பொருந்தும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, சங்கத்துப் பீரோவில் பதிவுப் பத்திரங்களோடு வைப்பது, புதுமைக்கு ஒவ்வாததாகத் தோன்றினும் நல்ல ஏற்பாடு. வீட்டில் நடத்துவோரும் நிலப் பத்திரமும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் இவ்வுறையையும் வைத்து, அஃது இருப்பதை மனைவி மக்களுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

தொடங்குவோர் கணினி வாங்க விரைய வேண்டா. முதலில் பெயரைப் பதியுங்கள். பிறகு பழைய கணினி ஒன்றில் மென்பொருளை நிறுவி, மூன்றே குடும்பங்களோடு மூன்று திங்கள் நடத்துங்கள். நான்காம் திங்கள் ஒரு நாள் அக்கணினியை நிறுத்திவிட்டு, நிறுவியவர் அருகில் இல்லாத வேளையில், வேறொருவர் காப்புப்படியை மட்டும் கொண்டு வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கட்டும். மீட்க முடிந்தால் நான்காவது குடும்பத்தை அழையுங்கள். முடியாவிடில் அழைக்க வேண்டா. பிறர் நினைவுகளைப் பொறுப்பேற்க இன்னும் காலம் வரவில்லை என்று பொருள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. தனி வளையைச் செப்பனிடும் பொறுப்பும் நம்முடையதே என்பதையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும். இம்முயற்சியில் இறங்கும் அன்பர்கள், தாங்கள் கண்ட இடர்களையும் தேர்ந்த வழிகளையும் சங்க அலுவலகத்திற்கு எழுதியனுப்பினால், அவை இப்பகுதியில் வெளிவந்து மற்ற இல்லத்தார்க்கும் பயன்படும்.